சில மணி நேர ரூமா, முழு இரவா, மடமா? மலைநாட்டில் எது எப்போது கட்டுப்படியாகும்

சிவனொளிபாதமலை ஏறி இறங்கி, ஈரச் சட்டையோடு மலையடிவாரத்து நல்லதண்ணியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஒரு ரூம் எடுப்பது எப்படி என்று கேட்கிறார்கள். கண்டி பெரியாஸ்பத்திரியில் கிளினிக் முடிந்த பிறகு, முழங்கால் வலிக்கார அம்மாவைப் பஸ் நேரம் வரைக்கும் எங்கே படுக்கவைப்பது என்று மகள்மார் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் நிற்காததால் நேர்முகத் தேர்வுக்கு டவுனில் வந்து ஒன்லைனில் உட்கார வேண்டிய பிள்ளைகளுக்கும், மண்டபத்தில் அலங்கார அறை சரியில்லாத கல்யாண வீட்டாருக்கும் இதே கேள்விதான். வேண்டியது பூட்டக்கூடிய ஒரு கதவு, ஒரு கட்டில், தண்ணி வருகிற பாத்ரூம். அதுவும் நாலைந்து மணி நேரத்துக்கு மட்டும்.

நாலு மணி நேரத்துக்குப் போய் ஒரு நாள் காசைக் கொடுப்பதா என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு சில பயணங்களில் சரியாக வரும், சிலவற்றில் தலைகீழாகப் போகும். எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பதால் வருகிற குழப்பம் இது. விடுதிக்காரர் பார்ப்பது எந்த மணி நேரம் என்பதைத்தான்.

## முதலில் எதை வைத்து அளப்பது

விடுதியின் நாள் பெரும்பாலும் பகல் 2 மணிக்குத் தொடங்கி, மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு முடியும். இடையில் உள்ள நேரம் கூட்டிக் கழுவிப் பெட்ஷீட் மாற்றுவதற்கு. சாதாரண வாரநாளில் இரவு ஆட்கள் காலையில் கிளம்பிவிட்டால், அடுத்த ஆள் வரச் சாயந்தரம் ஆகும். அதுவரை அறை சும்மா கிடக்கும். அந்த நேரத்தை நீங்கள் கேட்டால் விடுதிக்காரருக்கு அது எதிர்பாராத வருமானம். விலை பேசலாம்.

அதே நாலு மணி நேரத்தை விடியற்காலை 4 மணியில் இருந்து 8 மணி வரை கேட்டுப் பாருங்கள். உங்களுக்காக அவர் முந்தைய இரவு முழுக்க அறையைக் காலியாக வைத்திருக்க வேண்டும். ஆகவே முழு இரவுக் காசு கேட்பார். அதில் அநியாயம் எதுவும் இல்லை. இரவு 7 மணியில் இருந்து 12 மணி வரை என்றாலும் இதே கதை, அன்றைய இரவு ஆளை அவர் இழக்கிறார். நாலைந்து மணி நேரம் என்பது ஒன்றுதான், விலை மட்டும் வேறு. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கையை விட்டுப் போகிற மொத்தக் காசு. பதிவு பெற்ற பெரிய ஹோட்டல்கள் சொல்கிற விலையின் மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், அதற்கும் சேர்த்து 18 வீதம் பெறுமதி சேர் வரியும் ஏறலாம் (இந்த வரி 2024 ஜனவரி முதல் 15இல் இருந்து 18 ஆனது). 5,000 ரூபாய் என்று போனில் சொன்ன அறை, சேவைக் கட்டணத்தோடு 5,500 ஆகி, வரியோடு 6,490இல் வந்து நிற்கும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், அது கிட்டத்தட்ட ஐந்து நாள் கொழுந்து பறித்த காசு. 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன 1,750ஐ வைத்தாலும் மூன்றரை நாளுக்கு மேல். சின்ன லொட்ஜ்களில் இந்த ஏற்றம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அங்கே போக ஆட்டோ பிடிக்க வேண்டி வரலாம், மேட்டில் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ் என்றால் போகவும் வரவும்.

மூன்றாவது சுடுதண்ணி. கொழும்பில் இது ஒரு கேள்வியே இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் இதுதான் பாதிக் கேள்வி. காலையிலும் சாயந்தரத்திலும் மட்டும் சுடுதண்ணி விடுகிற இடங்கள் இருக்கின்றன. பகல் 12 மணிக்குக் குளிக்கப் போனால் பைப்பில் வருவது மலையில் இருந்து நேரே வருகிற தண்ணி.

நான்காவது, அடையாள அட்டையும் மரியாதையும். சில மணி நேரத்துக்கு ரூம் என்றதும் ரிசெப்ஷனில் இருப்பவரின் முகம் மாறுவதை எல்லாரும் பார்த்திருப்போம். வயசான அப்பாவோடு போகிற மகளுக்கும் அந்தப் பார்வை கிடைக்கும். அதைத் தவிர்க்கிற வழிகளும் விலையின் ஒரு பகுதிதான்.

கடைசியாக, திரும்பிப் போகிற பஸ். டவுனுக்கு டவுன் ஓடுகிற பஸ் இரவிலும் அகப்படும். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் அப்படி இல்லை. கண்ணயர்ந்து அதைத் தவறவிட்டால், அறையில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோ ஹயருக்குப் போகும்.

## சில மணி நேர ரூம்

நேரம் மேலே சொன்ன காலி நேரத்தில் விழுந்தால் இதை விட நல்ல வழி இல்லை. காலை 10 மணிக்குப் பிறகு, சாயந்தரம் 5 மணிக்கு முன்னால், வாரநாள், சீசன் இல்லாத மாதம் என்று இத்தனையும் பொருந்த வேண்டும். பொருந்தினால் இரவு வாடகையில் பாதி அல்லது அதற்கும் கீழே என்று பேசிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் முக்கால் வரை கேட்டால், இரவு வாடகையையே ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. வித்தியாசம் சின்னதாக இருந்தால் முழு நாளுக்கே எடுத்து, நேரக் கவலை இல்லாமல் படுத்துக் கிடக்கலாம்.

ஒன்லைன் தளங்களில் இதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அங்கே கணக்கு பெரும்பாலும் இரவு வைத்துத்தான் ஓடும், பகல் நேரத்தைத் தனியாக விற்கிற நம் பக்கத்துச் சின்ன இடங்கள் அதில் ஏறுவது குறைவு. போன் போட்டுக் கேட்பதும், நேரே போய்க் கேட்பதும்தான் வழி. ஊருக்கு ஊர் தொடக்க விலையும் மாறும். ஹட்டனில், பண்டாரவளையில் தமிழில் பேசி நூறு இருநூறு குறைக்கலாம். வெளிநாட்டுப் பயணிகள் கூடுகிற எல்ல டவுனில் பேச்சையே டொலரில் தொடங்குகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே உள்ளூர் விலை என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

மறைந்திருக்கிற செலவு என்று பார்த்தால், கூடுதல் மணி நேரத்துக்கான காசு முதலில் வரும். நாலு மணி நேரம் என்று எடுத்து நாலரை ஆனால், ஒரு மணி நேரக் காசு கேட்கிற இடமும் உண்டு, சும்மா விடுகிற இடமும் உண்டு. உள்ளே நுழைந்த நேரத்தை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சில இடங்களில் சாப்பாடு அவர்களிடமே வாங்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கும், வெளிச் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோனால் முகம் கோணும்.

துப்புரவுதான் இதில் பெரிய பலவீனம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஆட்கள் மாறுகிற அறையில், மெத்தையைத் தட்டி விரித்துவிட்டு மாற்றிவிட்டோம் என்பார்கள். மலைநாட்டு ஈரத்தில் போர்வை காய்வதே பாடு. வெயில் இல்லாத ஆனி, ஆடி மாதங்களில் பெட்ஷீட்டைத் தொட்டாலே தெரியும். காசு கொடுக்கும் முன் அறையைப் பார்க்கக் கேளுங்கள், கண் முன்னால் பெட்ஷீட் மாற்றச் சொல்லுங்கள். பார்க்கவே விடாத இடத்தில் தங்க வேண்டாம்.

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் இந்தப் பேச்சே எடுபடாது. வசந்த காலக் கூட்டம் வந்துவிடும், பகல் காலி நேரம் என்று ஒன்று மிஞ்சாது. எசல பெரஹரா நாட்களில் கண்டியும், மாசி மகத்தில் பஞ்சரதம் ஓடும்போது மாத்தளையும் அப்படித்தான். வெள்ளியோடும் திங்களோடும் ஒட்டி வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## முழு இரவு ரூம்

தங்கப்போவது கொஞ்ச நேரம்தான், ஆனாலும் முழு இரவுக்குக் காசு கொடுப்பது. கேட்கும்போது வீண் செலவாகத் தெரிகிற இது, ஒரு பயணத்தில் மட்டும் எல்லாவற்றையும் வெல்லும். அது நல்லதண்ணி.

டிசம்பர் மாத உந்துவப் போயாவில் இருந்து மே மாத வெசாக் போயா வரைக்குமான சீசனில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் பலர் செய்வது இதுதான். இரவு ஹட்டன் வந்து, பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய், நேரே ஏறத் தொடங்குகிறார்கள். 2,243 மீற்றர் உச்சி. 5,000க்கு மேற்பட்ட படிகள். விடியலைப் பார்த்துவிட்டு, முழங்கால் நடுங்க, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் கீழே வந்து சேர்வார்கள். அப்போதுதான் சில மணி நேர ரூம் தேடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் தேடுவதால், அந்த நேரத்துக் காலி அறைக்கு நல்ல விலை இருக்கும். இரவு ஆட்கள் அறையை விட்டிருக்கவும் மாட்டார்கள்.

முதல் நாள் சாயந்தரமே அறை எடுத்தால் கதை மாறும். மூட்டை முடிச்சை வைத்துவிட்டு, சாப்பிட்டு, நடுச்சாமம் தாண்டி ஒன்று இரண்டு மணி வரை தூங்கலாம். ஏறும்போது கையில் தண்ணிப் போத்தலும் சுவெட்டரும் மட்டும். இறங்கி வந்ததும் சொந்த அறை காத்திருக்கும், குளித்துவிட்டு 11 மணிக்குச் சாவியைக் கொடுக்கலாம். ஒரே வாடகையில் இரண்டு ஓய்வும், பொருள் காவலும் கிடைக்கிறது. நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு வருகிற பங்கு, காலையில் அவசரத்தில் பேசுகிற சில மணி நேர ரூமை விடக் குறைவாகவே விழும். அறை எடுக்கும்போதே, காலை திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானால் 12 மணி வரை விடுவீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கூட்ட நாளில் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும்.

விடியற்காலையில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களுக்கும் இதே யோசனைதான். இரவு ரயிலோ பஸ்ஸோ நம்மைப் பனியில் இறக்கிவிடுகிற நேரத்தில், எந்த விடுதியும் பகல் விலை பேசாது. முந்தைய இரவுக்கு எடுத்து, அதிகாலை வருவோம் என்று சொல்லி வைப்பது நேர்மையான வழி. சொல்லாமல் விட்டால், ஆள் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு யோசனையும் உண்டு. மறுநாள் இரவுக்கே அறை எடுக்கிறவர், காலையிலேயே உள்ளே விட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். முந்தைய இரவு அறை காலியாக இருந்திருந்தால் கொஞ்சக் காசுக்கோ சும்மாவோ விடுவார்கள்.

இதன் குறை வெளிப்படையானது, காசு. ஒருவர் மட்டும், பகலில், மூன்று மணி நேரத்துக்கு என்றால் இதைத் தொட வேண்டாம்.

## ரயில் நிலைய ஓய்வறை

கண்டி நிலையத்தில் ரயில்வேயின் ஓய்வறைகள் இருக்கின்றன. எண்ணிக்கையில் கொஞ்சம், ஆகவே முன்கூட்டிப் பதிவு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான். மற்ற மலைநாட்டு நிலையங்களில் பெரும்பாலும் மிஞ்சுவது பிரயாணிகள் காத்திருக்கும் அறையும் மரப் பெஞ்சும். டிக்கெட் கையில் இருந்தால் உட்காரலாம், காசு இல்லை. குளிக்க முடியாது, பூட்ட முடியாது, நானுஓயாவில் டிசம்பர் மாத விடியலில் பெஞ்சில் படுப்பவருக்குத் தூக்கமும் வராது. அங்கிருந்து நுவரெலியா டவுன் 8 கிலோமீற்றர் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒன்று: 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சேதமாக்கியது. உங்கள் பகுதிக்கு வண்டி ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்ட பிறகு மற்றதை யோசியுங்கள்.

## கோயில் மடம், சொந்தக்காரர் வீடு

கோயிலோடு சேர்ந்த மடமோ மண்டபமோ கிடைத்தால் செலவு உண்டியலில் போடுகிறதுதான். குருக்களிடமோ பரிபாலன சபை ஆட்களிடமோ முன்கூட்டிச் சொன்னால், பாத்ரூம் திறந்துவிட்டு ஒரு பாயும் போட்டுக் கொடுப்பார்கள். கூட்டமாக யாத்திரை போகிறவர்களுக்கு இது பழகிய வழி. தனியாகக் கைக்குழந்தையோடு வருகிற பெண்ணுக்கு, எல்லாரும் நடமாடுகிற மண்டபத்தில் பால் கொடுக்கவும் கண்ணயரவும் முடியுமா என்று யோசிக்க வேண்டும். பூசை நேரம், திருவிழா நேரம் எல்லாம் நமக்காக மாறாது. தீட்டு, அசைவம் என்ற விதிகளும் இருக்கும், மீன் கறிப் பார்சலோடு அங்கே போகக் கூடாது.

சொந்தக்காரர் வீட்டில் காசு கேட்க மாட்டார்கள். அதனாலேயே அங்கே செலவு கூடும் என்பது என் எண்ணம். வெறுங்கையோடு போக முடியாது, பிஸ்கட் பெட்டியும் பழமும் வாங்க வேண்டும். மூன்று மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறோம் என்றால் விடுவார்களா? சோறு வடித்து, கறி வைத்து, பக்கத்து லயத்து ஆட்கள் எல்லாம் வந்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் பஸ் நேரம் வந்துவிடும். அம்மாவின் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். டவுனில் இருந்து சித்தி வீட்டுக்குப் போய்வர ஆகிற ஆட்டோக் காசு சில நேரம் பகல் ரூம் வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனாலும் இரண்டு நாள் மூன்று நாள் தங்க வேண்டிய நோயாளி என்றால் சித்தி வீட்டுக்கு இணை எதுவும் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க லொட்ஜில் யார் இருக்கிறார்கள்?

## வேன், டே-அவுட்

எட்டுப் பத்துப் பேராக வேன் ஹயரில் வந்திருந்தால், இரண்டு பேருக்கு மட்டும் ஓய்வு தேவை என்றால், சீட்டைச் சாய்த்துப் படுப்பதே போதும். காத்திருக்கும் நேரத்துக்கு டிரைவர் தனிக் காசு கேட்பாரா என்பதைக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். பெரிய ஹோட்டல்களின் டே-அவுட் என்பது வேறு கணக்கு. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பகல் சாப்பாடும் நீச்சல் குளமும் உடை மாற்றுகிற இடமும் தருவார்கள், தனி அறை பெரும்பாலும் அதில் அடங்காது. பிறந்தநாள் கொண்டாடப் போகிறவர்களுக்கு நல்லது. தூங்க வேண்டியவருக்கு வீண்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | குளியலும் கதவும் | எப்போது எடுக்கலாம் | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|---|
| சில மணி நேர ரூம் | பேசினால் இரவு வாடகையில் பாதி அளவு | உண்டு. பகலில் சுடுதண்ணி சந்தேகம் | வாரநாள் பகல் 10 முதல் 5 வரை | சீசன், விடியற்காலை, மாற்றாத பெட்ஷீட் |
| முழு இரவு ரூம் | முழு வாடகை. பெரிய இடத்தில் வரி வேறு | உண்டு | மலை ஏறும் இரவு, அதிகாலை வருகை, நாலு பேர் பங்கு | தனி ஆள், கொஞ்ச நேரம் |
| ரயில் நிலையம் | காத்திருக்க இலவசம். ஓய்வறைக்கு வாடகை | ஓய்வறையில் மட்டும் | ரயிலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போது | குளிர், வண்டி ஓடாத நாள் |
| மடம் | காணிக்கை | பொதுப் பாத்ரூம், கதவு இல்லை | யாத்திரைக் கூட்டம் | கைக்குழந்தை, திருவிழா நாள் |
| சொந்தக்காரர் வீடு | கைப்பொருள், ஆட்டோ | உண்டு | பல நாள் சிகிச்சை | நேரத்துக்குக் கிளம்ப முடியாது |

## கிளினிக் நாள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் சில மணி நேர ரூமுக்கு உண்மையான தேவை இங்கேதான் இருக்கிறது. டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் ஆஸ்பத்திரி இருந்தாலும், பெரிய வருத்தம் என்றால் கண்டிக்கோ பேராதனைக்கோதான் அனுப்புவார்கள். நம்பர் எடுக்க விடியற்காலையில் அங்கே நிற்க வேண்டும், ஆகவே வீட்டில் இருந்து இரவிலேயே கிளம்ப வேண்டும். கிளினிக் பகல் 11, 12 மணிக்கு முடியும். ஸ்கேனுக்கோ இரத்த ரிப்போர்ட்டுக்கோ சாயந்தரம் வரச் சொல்வார்கள். நோயாளிக்கு முந்தைய இரவுத் தூக்கம் இல்லை, காலையில் சாப்பாடும் இல்லை.

முந்தைய இரவே கண்டிக்கு வந்து தங்குவதா, பகலில் நாலு மணி நேரம் எடுப்பதா என்பதுதான் இங்கே கேள்வி. நோயாளிக்கு நடக்க முடியும், ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம் என்றால் பகல் ரூமே போதும். தேவைப்படுகிற நேரமும் விடுதிக்காரரின் காலி நேரமும் ஒன்றாக விழுகிறது. சர்ஜரிக்கு முன்னால் பட்டினியாக வரச் சொல்லியிருந்தால், டயலிசிஸ் நோயாளி என்றால், பொகவந்தலாவைக்கும் அப்பால் இருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்றால், முந்தைய இரவு எடுங்கள். நடுச்சாமத்தில் மலைப் பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிற நோயாளிக்குக் காலையில் பார்க்கிற பிரஷர் ரீடிங் கூடச் சரியாக இருக்காது.

அறை ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், கீழ் மாடியில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் முந்நூறு நானூறு கூடக் கொடுக்கலாம். மூன்றாம் மாடி அறையை மலிவாகக் கொடுப்பதற்குக் காரணம் லிப்ட் இல்லாததுதான். மேற்கத்திய டொய்லட் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம், முழங்கால் பிடிக்கிற அம்மாவுக்கு அதுதான் முதல் தேவை.

## மற்றச் சூழல்கள்

கல்யாண அலங்காரத்துக்கு என்றால் முகூர்த்த நேரம் முடிவு செய்யும். காலை 9 மணி முகூர்த்தத்துக்கு மணப்பெண் 4 மணிக்கு உட்கார வேண்டும், அது முழு இரவு ரூம். சாயந்தர வரவேற்புக்குப் பகல் 1 மணியில் இருந்து எடுத்தால் போதும். ஆனால் 5 மணிக்கு மேல் நீளும் என்பதை விடுதிக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கண்ணாடியும் வெளிச்சமும் எப்படி என்று அலங்காரம் செய்கிறவரையே அனுப்பிப் பார்ப்பது நல்லது. அவரோடு நாலு பேர் உள்ளே வருவார்கள் என்றும் சொல்லிவிடுங்கள், இரண்டு பேர் அறையில் ஆறு பேரைக் கண்டால் சண்டை வரும்.

ஒன்லைன் நேர்முகத் தேர்வுக்கு விடுதியின் வைபையை நம்ப வேண்டாம். ரிசெப்ஷனில் நாலு கோடு காட்டும், அறைக்குள் ஒன்றும் இருக்காது. உங்கள் போனில் டேட்டா போட்டுக்கொண்டு, அறைக்குள் நின்று ஒரு வீடியோ கோல் எடுத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இரவு விமானம் என்றால், ஹட்டன் பக்கத்தில் இருந்து கட்டுநாயக்கா போகிற பாதையில் மழைக்கு மண் சரிந்தால் பயணமே கெடும். பகலிலேயே இறங்கிவிட்டு, நீர்கொழும்பு, சீதுவைப் பக்கத்தில் சில மணி நேர ரூம் எடுப்பது புத்தி. மலைநாட்டில் பொருந்தாத இரவு 7 முதல் 12 வரையான நேரம் அங்கே பொருந்தும். விமான நேரத்துக்கு ஏற்ப ஆட்கள் சாமத்திலும் வந்து இறங்குவதால், அங்கே ஒரே இரவில் ஓர் அறையை இரண்டு பேருக்குக் கொடுப்பது வழக்கம்.

காதலர்கள் கேட்பதையும் ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் 18 வயது முடிந்திருந்தால் கல்யாணச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. விடுதிக்காரர் தன் வீட்டு விதி என்று மறுக்கலாம், அது அவர் விருப்பம். 1889ஆம் ஆண்டு விபச்சார விடுதிச் சட்டத்தை வைத்துப் பொலிசார் சோதனைக்கு வருகிற இடங்களும் உண்டு. மணி நேரத்துக்கு ரூம் என்று மட்டுமே தொழில் நடத்துகிற, ரசீதும் பதிவுப் புத்தகமும் இல்லாத இடம் மலிவு என்றாலும் இவர்களுக்கு அதுதான் விலை கூடியது. குடும்பங்கள் வந்து போகிற, இரண்டு பேரின் அடையாள அட்டையையும் கேட்டு எழுதுகிற இடம் பாதுகாப்பு. உள்ளே போனதும், ஒளித்து வைத்த கமரா இருக்கிறதா என்று கண்ணாடி, கடிகாரம், பிளக் பொயின்ட் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

## போனில் எப்படிக் கேட்பது

சில மணி நேரம் என்ற சொல்லைத் தொடக்கத்திலேயே போடாமல், வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் காரணத்தையும் சொன்னால் பேச்சு நேராகப் போகும்.

“அண்ணே, நாளைக்குப் பகலைக்கு ஒரு ரூம் வேணும். பதினொரு மணிக்கு வந்து மூணு மணிக்குப் போயிருவோம். அம்மாவும் நானும்தான், கிளினிக்குக்கு வர்றோம்.”

“வாங்க தங்கச்சி. ஐடி கொண்டுவாங்க.”

“எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே? வரி கிரி வேற வருமா? அந்த நேரத்துல சுடுதண்ணி இருக்குமா?”

இந்தக் கடைசிக் கேள்விகளுக்குப் பதிலாக, வாங்க பார்த்துக்கலாம் என்று வந்தால் வேறு இடத்துக்குப் போன் போடுங்கள். விலையை வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஆள் மாறினாலும் அது நிற்கும். அட்வான்ஸ் கேட்டால், கிளினிக் தள்ளிப்போனால் திருப்பித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், நாளை மாற்றித் தர ஒத்துக்கொள்வார்கள். அதையும் எழுதி வாங்குங்கள்.

அடையாள அட்டை இன்னும் கைக்கு வராதவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப் பத்திரமோ இருந்தால் போதும். தபால் அடையாள அட்டை மட்டும் இருந்தால் ஏற்பார்களா என்று போனிலேயே கேட்டுவிட வேண்டும், வாசலில் போய் நின்று கேட்பது நோயாளிக்குத்தான் கஷ்டம். போட்டோ கொப்பி கேட்டால் அதன் குறுக்கே அன்றைய திகதியையும் விடுதியின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். அட்டையின் படத்தை முன்கூட்டி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், வந்து காட்டுகிறோம் என்று சொல்லிவிடலாம்.